நாற்பத்தைந்து கிராம்

என் மேடையில்
பத்து கிலோவுக்குக் கீழே எதுவும் எடை இல்லை.
டிரைவர் இறங்கிவிட்டாரா,
டீசல் டேங்க் பாதியா நிறையா,
தார்ப்பாய் மழையில் நனைந்ததா,
அது வரைக்கும் தெரியும்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் எட்டு வருஷமாகக்
கண்டெய்னர் லாரிகளுக்குச் சீட்டு போடுகிறேன்.

அதனால்தான்
பேப்பர் மில்ஸ் ரோட்டுக் கடையில்
ஆளுக்கொரு கையாக இரண்டு ராக்கெட்டைக் கொடுத்து
"இது முந்நூறு கிராம்ணே,
அது எரநூத்தி அம்பத்தஞ்சு, வித்தியாசம் தெர்தா?"
என்று பையன் கேட்டபோது
தெரியுது என்று பொய் சொன்னேன்.

"வூட்ல இன்னா லெவல்ல ஆடுவாங்க?"

செங்கொடி ஆடுவதற்கு லெவல் கிடையாது.
ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குத்
துறைமுகக் குடியிருப்பின் வெடித்த சிமெண்ட் தரையில்
வலைக் கிழிசலை நைலான் கயிற்றால் முடிந்துவிட்டு
துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு
நர்ஸ் ரஹமத்தோடு ஆடுவாள்,
ரஹமத்தின் பழைய மட்டை ஒன்றைக் கடன் வாங்கி.
பாயிண்ட் எண்ணுவதில்லை.
பந்து வெளியே போனால் "ஸாரிப்பா" என்பாள்,
ரஹமத்திடம் இல்லை, பந்திடம்.
சர்வீஸ் போடும்போது கண்ணை மூடிக்கொள்வாள்.
அந்தப் பக்கம் விழுந்ததா என்று
சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள்.

இதையெல்லாம் அவனிடம் எப்படிச் சொல்வது.
"சும்மா ஆடுவாங்க" என்றேன்.
சொன்னதும் உறுத்தியது.
சும்மா என்றால்,
ஆறு நாள் ஸ்டான்லி லேபில்
கைகளைத் தட்டித் தட்டி நரம்பு தேடுகிறவள்
ஏழாம் நாள் எதையோ ஓங்கி அடிப்பது.

"கைப்பிடி அளவு?"
அதற்கு மட்டும் தயாராகப் போயிருந்தேன்.
வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் தூங்கும்போது
எடைச்சீட்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து
நடுரேகையில் இருந்து மோதிர விரல் நுனி வரை
பேனாவால் கோடு போட்டேன்.
பாதி விழித்து "இன்னா பண்ற" என்றாள்.
கொசு என்றேன்.
சீட்டைப் பையனிடம் நீட்டினேன்.
வண்டி எண் காலி. மொத்த எடை காலி.
நிகர எடை என்ற இடத்தில்
அவள் விரல்.
"நாலேகால்" என்றான், ஸ்கேல் வைத்துப் பார்த்து.

முந்நூறு கிராம்தான் எனக்குப் பிடித்திருந்தது.
கறுப்பு. கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. கெத்து.
கண்ணாடி முன்னால் ஒரு வீசு வீசிப் பார்த்தேன்,
தொப்பையோடு ஒருத்தன் கோப்பை வாங்கினான்.
அதையே செங்கொடி கையில் வைத்து யோசித்தேன்.
நிமிர்ந்து நிற்கிறாள்,
கண்ணைத் திறந்துகொண்டு சர்வீஸ் போடுகிறாள்.
யாரோ ஒருத்தி.
அவளுக்கும் எனக்கும் பழக்கம் இல்லை.
அதைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

மற்றது கத்தரிப்பூ நிறம்,
தலை பெரிசு,
எங்கே பட்டாலும் பந்து போய்ச் சேரும் என்றான்.
"நரம்பு எவ்ளோ டைட்டா போடணும்ணே?"
நரம்பு என்றதும் ஒரு நொடி அவள் முகம் வந்தது.
"லூஸா போட்டா கை வலிக்காது.
பந்து கொஞ்சம் பறக்கும், அவ்ளோதான்."
பறக்கட்டும்.

பில்லுக்குப் பெயர் கேட்டான்.
செங்கொடி என்றேன். நிமிர்ந்து பார்த்தான்.
மில் கேட்டில் நாற்பது நாள் நின்று
தோற்றுப்போய் வேலைக்குத் திரும்பிய வருஷம்
அவள் அப்பா வைத்த பெயர்.
அவனுக்கு எதற்கு அது.
எட்டாயிரம் எடுத்துப் போயிருந்தேன்,
மிஞ்சிய காசுக்கெல்லாம் பந்து வாங்கினேன்.

ஞாயிறு அவள் முதல் அடிக்கே
சுவர் தாண்டியது.
அந்தப் பக்கம் துறைமுகத்துக்கு நிற்கும் லாரி வரிசை.
சில டிரைவர்கள் தூக்கிப் போடுவார்கள்,
சிலர் தூங்குவார்கள்.
"ஸாரிப்பா" என்று கத்திவிட்டுச்
சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள்.
அன்றைக்கு மட்டும் நாலு.

செவ்வாய்க்கிழமை மதியம்
ஒரு டிரெய்லர் மேடையில் ஏறி நின்றது.
முப்பத்தெட்டு டன், நானூற்றிப் பத்து கிலோ.
கண்டெய்னருக்கும் கேபினுக்கும் நடுச் சந்தில்
புழுதி பிடித்த பச்சைப் பந்து ஒன்று.
சீட்டைக் கொடுத்துவிட்டு
ஏறிப் போய் எடுத்தேன்.
டிரைவர் எட்டிப் பார்த்தார்.
"வூட்டுது" என்றேன்.